சேரு பட்ட தோல்

பாலக்காட்டிலிருந்து இடுக்கி வரையிலான மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியின் ஈரக் காடுகளில் சேரு என்றொரு மரம் வளர்கிறது. தாவரவியலார் இதற்கு வைத்த பெயர் ஹோலிகார்னா ஆர்நோட்டியானா. இந்த மலைத்தொடருக்கே உரிய மரம். உலகில் வேறெங்கும் தானாக முளைப்பதில்லை. கிளை நுனியில் இலைகள் கொத்தாக நிற்கும். இலைக்காம்பை உற்றுப் பார்த்தால் சிறு முள் போல இரண்டு துருத்தல்கள் தெரியும். பட்டையில் வெட்டுப்பட்ட இடங்களில் பால் வழிந்து கறுத்து உறைந்திருக்கும். மலையோர ஊர்களில் பிள்ளைகளுக்குப் பாம்பைக் காட்டி எச்சரிப்பது போலவே இந்த மரத்தையும் காட்டி எச்சரிப்பார்கள்.

அந்தப் பால் பட்டால் ஒன்றிரண்டு நாளில் தோல் சிவக்கும், தடிக்கும், அரிக்கும், பிறகு நீர்க்கொப்புளம் கிளம்பும். முகத்தில் பட்டால் கண் திறக்க முடியாத அளவுக்கு வீங்குகிறவர்களும் உண்டு. அதே மரத்தடியில் அதே வேலை செய்த இன்னொருவருக்கு ஒன்றுமே ஆகாமல் போவதும் உண்டு.

சேருவுக்குச் சொந்தக்கார மரம் ஒன்று சமவெளிக் காடுகளில் இருக்கிறது. அதன் காய்தான் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் சேங்கொட்டை, அதாவது சேராங்கொட்டை. சித்த மருத்துவத்தில் சேராங்கொட்டை நெய் என்றும் ஆயுர்வேதத்தில் பல்லாதகம் என்றும் மூட்டுவலிக்கும் தோல் நோய்க்கும் பல நூற்றாண்டாகப் பயன்பட்டு வரும் மருந்துப் பொருள் அது. தோலைப் புண்ணாக்கும் பாலும் தோல் நோய்க்கான மருந்தும் ஒரே குடும்பத்திலிருந்து, ஏறக்குறைய ஒரே வேதிப்பொருளிலிருந்து வருகின்றன. பச்சிலை என்றால் பக்கவிளைவு இல்லை என்று நம்புகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய உண்மை இது.

வண்ணான் குறியும் அமெரிக்கச் சிப்பாயும்

சேங்கொட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தால் இதய வடிவில், பளபளப்பான கறுப்பாக இருக்கும். மரத்தில் இருக்கும்போது அது ஆரஞ்சு நிறச் சதைப்பற்றின் மேல் உட்கார்ந்திருக்கும். அந்தச் சதையைச் சுட்டுத் தின்பவர்கள் உண்டு. ஓட்டுக்குள் இருக்கும் பருப்பும் உண்ணத்தக்கதே. ஆபத்து இரண்டுக்கும் நடுவே, ஓட்டின் அறைகளில் தேங்கியிருக்கும் எண்ணெயில் இருக்கிறது. ஊசியால் ஓட்டைக் குத்தி அந்த எண்ணெயைத் துணியில் வைத்தால் முதலில் பழுப்பாகத் தெரியும். காற்றுப் பட்டதும் கறுக்கும். எத்தனை முறை வெளுத்தாலும் போகாது. சலவைத் தொழிலாளர்கள் யார் வீட்டுத் துணி என்று அடையாளம் தெரிய இதைக் கொண்டுதான் குறி போட்டார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவுக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்கள் பலருக்குக் கழுத்துப் பட்டை படும் இடத்திலும் இடுப்பிலும் விசித்திரமான புண்கள் வந்தன. அவர்களின் ராணுவ மருத்துவர்கள் துப்புத் துலக்கியபோது புண் இருந்த இடமும் சட்டையில் சலவைக்குறி இருந்த இடமும் ஒன்றாகவே இருந்தன. 1943ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் இதை வெளியிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அதே குறியோடு சட்டை அணிந்த இந்தியர்களுக்குப் பெரும்பாலும் இல்லாத தொல்லை வெளியூர்க்காரர்களுக்கு வரக் காரணம் அவர்கள் ஊரிலேயே இருந்தது. அமெரிக்கக் காடுகளில் பாய்சன் ஐவி என்றொரு கொடி உண்டு. அதில் உருஷியால் என்னும் எண்ணெய் இருக்கிறது. சிறுவயதில் அந்தக் கொடியில் பட்டுப் பழகிய தோல், சேங்கொட்டை எண்ணெயைக் கண்டதும் பழைய எதிரி என்றே எடுத்துக்கொண்டது.

சேரு, சேங்கொட்டை, பாய்சன் ஐவி, ஜப்பானியர் அரக்குப் பூச்சுக்குப் பயன்படுத்தும் உருஷி மரம், முந்திரி, மா ஆகிய அனைத்தும் அனகார்டியேசி என்ற ஒரே தாவரக் குடும்பம். இவற்றின் பாலில் இருக்கும் எண்ணெய்கள் அமைப்பில் நெருங்கியவை. தலையில் ஒரு வளையம், பின்னால் நீண்ட கார்பன் வால். அதனால் ஒன்றுக்குப் பழகிய தோல் மற்றொன்றிலும் சீறக்கூடும். பாலக்காட்டின் முதலமடையில் மாங்காய் பறிக்கிறவர்களுக்குக் காம்பு ஒடிந்த இடத்தில் பீறிடும் பால் பட்டுத் தோல் வெந்துபோவதும், சிலருக்கு மாம்பழத்தைத் தோலோடு கடித்துத் தின்றால் உதட்டைச் சுற்றித் தடிப்பதும் இந்த உறவுமுறையால்தான்.

தோலின் நினைவு

ஒருவருக்குப் பட்டும் இன்னொருவருக்குப் படாமலும் போவது ஏன் என்று புரிய, தோலுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

தோலின் மேலடுக்கு பெரிய மூலக்கூறுகளை உள்ளே விடாது. ஏறக்குறைய 500 டால்டன் எடைக்குக் கீழே உள்ள, எண்ணெயில் கரையக்கூடிய சிறு மூலக்கூறுகள் நுழைந்துவிடும். சேங்கொட்டை எண்ணெயின் மூலக்கூறு எடை 320 டால்டன் அளவில்தான் இருக்கிறது. உள்ளே போனதும் அது தோலின் சொந்தப் புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. தனியாக இருக்கும்போது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படாத அளவுக்குச் சிறியது. புரதத்தோடு ஒட்டியதும் அந்தப் புரதமே அந்நியமாகத் தெரியத் தொடங்குகிறது.

தோலில் லாங்கர்ஹான்ஸ் செல்கள் என்ற காவல் செல்கள் உண்டு. பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானியர் மருத்துவ மாணவராக இருந்தபோதே 1868ல் அவற்றை விவரித்தார். இவையும் இவற்றைப் போன்ற வேறு சில செல்களும் மாறுபட்ட புரதத்தின் துண்டை ஏந்திக்கொண்டு அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்குப் போய் அங்கிருக்கும் டி-செல்கள் என்ற வெள்ளையணுக்களுக்குக் காட்டுகின்றன. பொருந்தும் டி-செல்கள் பெருகி, நினைவுச் செல்களாக உடலெங்கும் பரவுகின்றன. இதற்குப் பத்து நாள், இரண்டு வாரம் ஆகலாம். இந்தக் கட்டத்தில் வெளியே பெரும்பாலும் எதுவும் தெரியாது. அதனால்தான் ஒரு தைலத்தை முதல்முறை பூசியபோது ஒன்றும் செய்யவில்லையே என்பது சான்றாகாது.

அடுத்த முறை அதே பொருள் பட்டால் நினைவுச் செல்கள் அங்கே விரைந்து அழற்சியைக் கிளப்புகின்றன. அதுவும் உடனே வெளியே தெரிவதில்லை; பொதுவாக 24 முதல் 72 மணி நேரம் ஆகும். தேனீ கொட்டியதும் சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடிப்பதற்கு ரத்தத்தில் சுற்றும் எதிர்ப்புப் புரதம் காரணம். சேரு பட்ட தோலின் ஒவ்வாமையோ செல்கள் நடத்தும் தாமத ஒவ்வாமை. 1942ல் கார்ல் லாண்ட்ஸ்டைனரும் மெரில் சேஸும் கினி எலிகளில் இதைக் காட்டினார்கள். ஒவ்வாமை கொண்ட எலியின் வெள்ளையணுக்களை வேறொரு எலிக்குச் செலுத்தினால் ஒவ்வாமையும் கூடவே போனது.

இந்தத் தாமதத்தால் நடைமுறையில் பெரிய குழப்பம் வருகிறது. திங்கள்கிழமை பூசிய பச்சிலையின் விளைவு புதன்கிழமை தெரியும்போது செவ்வாய்க்கிழமை சாப்பிட்ட கத்திரிக்காயின் மேல் பழி விழுகிறது. உண்மையில் தொல்லை கொடுத்த தைலமோ புண்ணுக்கு மருந்தாக மறுபடியும் பூசப்படுகிறது.

எல்லாப் புண்ணும் ஒவ்வாமை அல்ல

பச்சிலை பட்டுத் தோல் புண்ணானால் அதை மூன்று வகையாகப் பிரிக்கலாம். மூன்றுக்கும் காரணம் வேறு, எச்சரிக்கையும் வேறு.

முதல் வகை எரிச்சல் புண். வலிக்கு அரைத்துக் கட்டும் பச்சைப் பூண்டு, கொடிவேலி வேர், எருக்கம்பால் ஆகியவை இந்த வகை. பூண்டின் கந்தகச் சேர்மங்களும் கொடிவேலியின் பிளம்பாஜினும் தோலை நேரடியாகத் தாக்குகின்றன. இதற்கு நினைவுச் செல்கள் தேவையில்லை. அளவும் நேரமும் கூடினால் யாருடைய தோலும் வெந்துபோகும். பூண்டு விழுதை இரவெல்லாம் முழங்காலில் வைத்துக் கட்டினால் காலையில் தீக்காயம் போலக் கொப்புளம் நிற்பதற்கு இதுதான் காரணம். எருக்கம்பால் கண்ணில் தெறித்தால் கருவிழியே வீங்கிப் பார்வை மங்கும்.

இரண்டாவது, வெயிலோடு சேர்ந்து வரும் புண். வெண்புள்ளிக்குப் பூசும் கார்போகரிசியில் சோரலென் என்ற பொருள் இருக்கிறது. தோலில் ஊறிய சோரலென் மேல் வெயிலின் புற ஊதா ஏ கதிர் பட்டால், செல்லின் டிஎன்ஏ இழைகளோடு அது பிணைந்துகொள்கிறது. ஒன்றிரண்டு நாளில் பூசிய இடம் மட்டும் சிவந்து கொப்பளிக்கிறது. ஆறிய பிறகும் வாரக்கணக்கில் கருமை நிற்கிறது. நவீன மருத்துவம் இதே வினையை மருத்துவமனையில் அளந்த மருந்து, அளந்த கதிர் என்ற கட்டுப்பாட்டோடு வெண்புள்ளிக்குச் சிகிச்சையாகப் பயன்படுத்துகிறது. வீட்டில் குழைத்துப் பூசிக்கொண்டு பத்து மணி வெயிலில் தோட்டத்துக்குப் போகிறவருக்கு அந்த அளவுக் கணக்கு எதுவும் கிடையாது. எலுமிச்சைச் சாறு தேய்த்துவிட்டு வெயிலில் நின்றாலும் இதே கதைதான்.

மூன்றாவதுதான் ஒவ்வாமை. சிலருக்கு மட்டும் வரும், அளவு குறைந்தாலும் வரும், ஒருமுறை வந்தால் ஆண்டுக்கணக்கில் அந்த நினைவு போகாது. சேருவும் சேங்கொட்டையும் இதில் முதன்மையானவை. மஞ்சள், வேப்பெண்ணெய், கற்றாழை, வல்லாரை என்று நாம் சாது என எண்ணும் பொருள்களுக்கும் அரிதாகச் சிலருக்கு ஒவ்வாமை வந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. அரிது என்பது பெரும்பாலோருக்கு ஆறுதல். அந்தச் சிலரில் ஒருவராக இருப்பவருக்கோ அது தினசரி அவதி.

தைலக் குப்பிக்குள் நடப்பது

இடுக்கியின் மறையூர், காந்தளூர்ச் சரிவுகளில் எலுமிச்சம்புல் காடாக வளர்கிறது. அதைக் காய்ச்சி இறக்கும் புல்தைலத்தில் முக்கால் பங்கு அளவுக்குச் சிட்ரால் இருக்கும். அந்த மணம்தான் அதன் மதிப்பு. வாசனைப் பொருள் ஒவ்வாமையைக் கண்டறிய உலகெங்கும் தோல் மருத்துவர்கள் வைத்துப் பார்க்கும் கலவைகளிலும் சிட்ரால் ஓர் உறுப்பு. கிராம்பின் யூஜெனாலும் லவங்கப்பட்டையின் சின்னமால்டிஹைடும் அப்படியே. மலைச்சரக்குச் சந்தையில் மணக்கும் பொருள்களில் பலவும் ஒவ்வாமைப் பட்டியலிலும் இடம்பெறுவது தற்செயல் அல்ல. மணக்க வேண்டுமானால் மூலக்கூறு சிறியதாக, எளிதில் ஆவியாவதாக இருக்க வேண்டும். தோலுக்குள் நுழைவதும் அந்தச் சிறிய மூலக்கூறுகள்தான்.

இதில் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. ஆரஞ்சுத் தோலிலும் பல தைலங்களிலும் இருக்கும் லிமோனின், லினலூல் போன்ற பொருள்கள் புதிதாக இருக்கும்போது அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை. மூடி தளர்ந்து காற்றுப் பட்டுப் பல மாதம் நின்றால் ஆக்சிஜனோடு சேர்ந்து ஹைட்ரோபெராக்சைடுகளாக மாறுகின்றன. அவை வலுவான ஒவ்வாமைப் பொருள்கள். சென்ற ஆண்டு சுற்றுலாப் போனபோது வாங்கி அலமாரியில் பாதி மிஞ்சிய தைலம் சென்ற ஆண்டின் தைலமே அல்ல. குப்பி சிறியதாக இருக்கட்டும், நிறமுள்ள கண்ணாடியாக இருக்கட்டும், வாங்கிய தேதியை அதன் மேல் எழுதி வையுங்கள். எந்த மலைத் தைலத்தையும் தேங்காய் எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ கலந்து நீர்த்த பிறகே தேய்க்க வேண்டும். குழந்தைகளின் மூக்கருகே கொண்டு போகவே கூடாது.

கலப்படம் தனிக் கவலை. மருதாணி இலையை அரைத்து வைத்தால் கை சிவக்குமே தவிரக் கறுக்காது. சில மணி நேரத்தில் கன்னங்கறுப்பாகப் பிடிக்கும் கோனில் இருப்பது பெரும்பாலும் பாராபினிலின்டையமின் என்ற சாயப்பொருள். கோலம் போட்ட வடிவத்திலேயே கொப்புளம் கிளம்புவதும், பிறகு வாழ்நாளெல்லாம் தலைச்சாயம் ஒத்துக்கொள்ளாமல் போவதும் இதனால் நடக்கின்றன. மூலிகை க்ரீம் என்ற பெயரில் ஸ்டீராய்டு கலந்து விற்பதும் உண்டு. முதல் வாரம் அற்புதமாகக் கேட்கும், நிறுத்தியதும் பழையதைவிட மோசமாகத் திரும்பும் பூச்சு எதுவானாலும் சந்தேகப்பட வேண்டும். உற்பத்தி உரிம எண் இல்லாத குப்பியை வாங்காதீர்கள்.

மூலிகை வந்தது, முறை வரவில்லை

இதையெல்லாம் படித்துவிட்டு நாட்டு மருத்துவம் முழுவதுமே ஆபத்து என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. பழைய வைத்தியர்கள் சேங்கொட்டையைச் சாதுவான பொருளாக ஒருபோதும் நடத்தவில்லை. சித்த மருத்துவத்தில் கொட்டையின் மூக்கைச் சீவிச் சுத்தி, அதாவது நச்சு நீக்கம், செய்த பிறகுதான் அது மருந்துக்குப் போகும். ஆயுர்வேதத்தில் சீவிய கொட்டையைச் செங்கல் தூளில் போட்டுத் தேய்த்து, எண்ணெயை அதில் இறக்கி, பிறகு கழுவுவார்கள். வேலை செய்கிறவர் கையில் தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்வார். மருந்து உண்பவர் வாயில் முதலில் நெய் தடவிக்கொள்ள வேண்டும் என்று சரக சம்ஹிதை சொல்கிறது. வெயிலையும் நெருப்பையும் தவிர்க்கச் சொல்வதும், பித்த உடம்புக்காரருக்குக் கொடுக்கத் தயங்குவதும் மரபு. நெய்யும் தேங்காய் எண்ணெயும் தோலுக்கும் அந்த எண்ணெய்க்கும் நடுவே தடுப்பாக நிற்கின்றன. செங்கல் தூள் எண்ணெயை உறிஞ்சுகிறது. உடம்புக்கு உடம்பு மருந்து மாறுபடும் என்ற கவனமும் அங்கே இருந்திருக்கிறது.

இந்தியச் சட்டமும் அதே வழியில் நிற்கிறது. மருந்து, அழகுசாதனப் பொருள் விதிகளின் இ(1) அட்டவணை ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளில் உள்ள நச்சுப் பொருள்களைப் பட்டியலிடுகிறது. எருக்கு, ஊமத்தை, எட்டி, குன்றிமணி ஆகியவற்றோடு சேங்கொட்டையும் அதில் இருக்கிறது. இவை சேர்ந்த உள்மருந்துக் குப்பியில் மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும்.

இன்று அறுந்து போயிருப்பது மூலிகைக்கும் இந்த முறைக்குமான இணைப்புதான். செல்போனில் வரும் ஒரு நிமிட வீடியோ மூலிகையின் பெயரைச் சொல்கிறது. சுத்தியைச் சொல்வதில்லை, அளவைச் சொல்வதில்லை, யாருக்கு ஆகாது என்று கேட்பதுமில்லை. மூலிகை நம் வீட்டுக்கு வந்துவிட்டது, அதைக் காவல் காத்த முறை வழியிலேயே நின்றுவிட்டது. தோலில் கொப்புளம் எழும்போது குறை சொல்ல வேண்டியது இந்த இடைவெளியைத்தான்.

சேரு பட்டவர் தான்றி மரத்தைச் சுற்றி வருவதும் தான்றிப்பட்டைக் கஷாயத்தால் கழுவுவதும் கேரளத்தில் பழைய வழக்கம். தான்றியில் டானின் நிறைய உண்டு. அது புரதத்தைச் சுருக்கி நீர்வடியும் புண்ணை உலர வைக்கும் என்பதால் கஷாயத்துக்குக் கொஞ்சம் இதம் தரும் தகுதி இருக்கலாம். மரத்தைச் சுற்றியதால் குணமானதாகத் தோன்றுவதற்கு எளிய காரணம் உண்டு. சேருப் புண் தானாகவே இரண்டு மூன்று வாரத்தில் ஆறக்கூடியது. அந்த நாட்களில் எதைச் செய்தாலும் பெருமை அதற்கே போகும்.

பட்டால் என்ன செய்வது

சேருப் பாலோ சேங்கொட்டை எண்ணெயோ பட்டது தெரிந்தால் முதல் பத்துப் பதினைந்து நிமிடம் பொன்னானது. அதற்குள் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில், அழுத்தித் தேய்க்காமல் கழுவிவிட்டால் பெரும்பகுதி தப்பிக்கலாம். நகக்கண்ணைக் கழுவ மறக்கக் கூடாது. அரிவாள் பிடி, செருப்பு, தலைத்துண்டு ஆகியவற்றில் ஒட்டிய எண்ணெய் பல நாள் வீரியத்தோடு இருக்கும் என்பதால் அவற்றையும் கழுவ வேண்டும். அந்த விறகை எரிக்கவே கூடாது. புகையோடு போய்க் கண்ணையும் மூச்சுக்குழாயையும் தாக்கும்.

கொப்புளத்து நீர் பட்டால் மற்றவருக்குத் தொற்றும் என்பது தவறான பயம். எண்ணெய் கழுவப்பட்ட பிறகு அந்த நீரில் ஒவ்வாமைப் பொருள் கிடையாது. புதுப்புது இடங்களில் எழுவதற்குக் காரணம் தோல் இயல்பாகவே தடிமனான இடங்கள் தாமதமாக வினைபுரிவதும், கழுவாத துணியும்தான். குளிர்ந்த நீர் ஒற்றடமும் கலமைன் லோஷனும் அரிப்பைத் தணிக்கும். முகம், கண், பிறப்புறுப்பு வீங்கினாலும், உடம்பில் பெரும்பகுதி பரவினாலும், காய்ச்சலோ சீழோ வந்தாலும் உடனே மருத்துவரைப் பாருங்கள். மூச்சு வாங்கினால் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். புண்ணின் மேல் வேறொரு பச்சிலையைப் பூசிப் பார்ப்பது மட்டும் வேண்டாம். உடைந்த தோல் வழியாகப் புதிய பொருள் எளிதாக நுழையும். ஓர் ஒவ்வாமை இரண்டாகும்.

எந்தப் பொருள் ஆகவில்லை என்று தெரிந்துகொள்ள ஒட்டுப் பரிசோதனை இருக்கிறது. 1895ல் ஜோசப் யாடசோன் என்ற தோல் மருத்துவர் அறிமுகப்படுத்தியது. சந்தேகப்படும் பொருள்களைச் சிறு வட்டுகளில் வைத்து முதுகில் ஒட்டுவார்கள். இரண்டு நாள் குளிக்காமல், வியர்க்கும் வேலை செய்யாமல் இருக்க வேண்டும். வட்டுகளை எடுத்ததும் ஒருமுறை, நான்காம் நாள் வாக்கில் மறுமுறை பார்ப்பார்கள். பிளாஸ்டர் தடத்தில் வரும் வெறும் சிவப்புக்கு மதிப்பில்லை. ஒரு குறிப்பிட்ட வட்டின் அடியில் மட்டும் தோல் தடித்து, விரலால் தடவினால் மேடு தட்டுப்பட்டு, சில நேரம் பொடிக் கொப்புளத்தோடு நான்காம் நாளிலும் நின்றால் அதுதான் குற்றவாளி. மருத்துவரிடம் போகும்போது பூசிய தைலத்தையும், தெரிந்தால் இலையின் படத்தையும் எடுத்துப் போங்கள். ஏதோ பச்சிலை என்பதை வைத்துக்கொண்டு எந்த மருத்துவரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. சேங்கொட்டை போன்ற நச்சுப் பொருளை வீட்டில் தோலில் வைத்துச் சோதிக்கும் விபரீதம் வேண்டவே வேண்டாம்.

போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத்தோட்டத்துக்கு மலையேறுகிறவர்களும், பாலக்காட்டின் சித்தூர், கொல்லங்கோடு பக்கம் தோப்பு வேலை செய்கிறவர்களும் இந்தப் புண்களைத் தொழிலோடு வருவது என்று சகித்துக்கொள்கிறார்கள். சகித்துக்கொண்டால் அது எந்தக் கணக்கிலும் ஏறாது. ஆயுர்வேத, சித்த, யுனானி, ஹோமியோபதி மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்ய ஆயுஷ் அமைச்சகம் தனிக் கண்காணிப்புத் திட்டம் நடத்துகிறது. தில்லியின் அகில இந்திய ஆயுர்வேத நிறுவனம் அதன் தலைமை மையம்; சென்னையின் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அதில் பங்கு வகிக்கிறது. தைலம் ஒத்துக்கொள்ளாமல் வந்த ஒருவரைப் பார்க்கும் வைத்தியரோ மருத்துவரோ அதைப் பதிவு செய்தால், எந்தக் குப்பியில் தவறு, எந்த மூலிகை யாருக்கு ஆகாது என்பது ஊருக்கே தெரிய வரும். மூலிகையின் நல்ல பெயரைக் காப்பாற்ற நினைக்கிறவர்கள்தான் அதன் கெடுதலையும் முதலில் எழுதி வைக்க வேண்டும். சேங்கொட்டையின் மூக்கைச் சீவச் சொன்னவர்கள் செய்த வேலையும் இதுதான்.